தோங்போ கெங்: கீழே சாறு, மேலே சோறு – ஒரே அடுப்பில் சமைக்க முழுமையான வழிகாட்டி

சீனக் கவிஞர் சு தோங்போ (1037–1101) சாப்பாட்டை ரசித்தவர். தாமே அடுப்படியில் நின்று சமைத்தவர். யிங் சுன் என்ற துறவி லு மலைக்குப் புறப்பட்டபோது, அங்கே இருப்பவர்களுக்குக் கொடுப்பதற்காகக் கவிஞரின் காய்ச்சாற்றுப் பக்குவத்தைக் கேட்டார். அவருக்கு எழுதிக்கொடுத்த குறிப்புதான் இது. மீன், இறைச்சி எதுவும் இல்லை; சுவை கூட்டச் சேர்க்கும் ஐஞ்சுவைப் பொருள்களும் இல்லை; இயல்பான இனிப்பு மட்டும் உண்டு என்று அவரே சொல்லிவிடுகிறார். கெங் என்பது கெட்டியான சாறு; இதில் அரிசி சேர்த்துக் குழைய வேகவைக்கிறோம்.

குறிப்பு மிகவும் சிறியது. ஆனால் ஒரு படியை முன்பின்னாக மாற்றினாலும் சாறு பொங்கும், அல்லது சோறு அரைவேக்காடாக நிற்கும். நான் இதைப் பலமுறை சமைத்தும், நண்பர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் பார்த்துவிட்டேன். தடுமாறியவர்கள் எல்லோரும் காயைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். இந்தச் சமையலில் ஆவிக்கு வழி விடுவதே முதல் வேலை. காய் அதற்குப் பிறகுதான்.

1. அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

அடுப்பில் பானை, அதில் சாறு கொதிக்கிறது. சாற்றைத் தொடாமல், அதற்குச் சற்று மேலே, எண்ணெய் தடவிய ஒரு கிண்ணம் கவிழ்ந்து நிற்கிறது. பானையின் வாயில் துளைத்தட்டு, அதன்மேல் அரிசி. சாற்றிலிருந்து எழும் ஆவி கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி மேலேறி அரிசியை வேகவைக்கிறது.

சாறு பொங்கித் தட்டைத் தொட்டுவிட்டால் ஆவி மேலே போக முடியாது, சோறு வேகாது. தோங்போ இந்த எச்சரிக்கையைக் குறிப்பின் பிற்பகுதியில்தான் வைத்திருக்கிறார். நான் முதலில் வைக்கிறேன். எண்ணெய், கிண்ணம், மூடியைத் திறந்து வைப்பது எல்லாமே இந்த ஒரு விபத்தைத் தவிர்க்கவும், நல்ல ஆவியை மட்டும் சோற்றுக்கு அனுப்பவும் செய்யும் ஏற்பாடுகள்தான்.

2. பாத்திரங்கள்

பானை உயரமாக இருக்க வேண்டும். 5 லிட்டர் கொள்ளளவு போதும். ஊற்றும் தண்ணீர் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிற்கக் கூடாது. இட்லிப் பானையின் அடிப்பாகம் பெரும்பாலும் ஆழம் குறைவு. அதில் செய்வதானால் அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். மோமோ அவிக்கும் பாத்திரத்தின் அடிப்பானை இதற்கு மிகப் பொருத்தம்.

கிண்ணம் பீங்கானாக இருப்பது நல்லது. அதன் வாய், பானை வாயில் மூன்றில் இரண்டு பங்கு அகலம் இருக்கட்டும். அதைவிடப் பெரிதானால் ஆவிக்கு இடமில்லை. சிறிதானால் பொங்கும் சாறு பக்கவாட்டில் தப்பிவிடும். எவர்சில்வர் கிண்ணம் எடை குறைந்தது, கொதியில் ஆடிக்கொண்டே இருக்கும்.

கிண்ணத்தைத் தாங்க, பானைக்குள் நிற்கும் ஒரு கம்பி முக்காலி வேண்டும். துளைத்தட்டில் விரிக்க மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று.

3. பொருட்கள்: நான்கு பேருக்கு

தோங்போ சொல்லும் காய்கள் நான்கு: சீன முட்டைக்கோஸ் வகை, டர்னிப், முள்ளங்கி, வயலில் தானாக முளைக்கும் ஒரு சிறு கீரை. எல்லாம் சேர வேண்டியதில்லை. கிடைப்பதைக் கொண்டு செய்யலாம். நான் 300 கிராம் சீன முட்டைக்கோஸ், 200 கிராம் முள்ளங்கி, ஒரு டர்னிப் எடுத்துக்கொள்கிறேன். சாதாரண முட்டைக்கோஸும் ஆகும், ஆனால் குழைய நேரம் எடுக்கும்.

தண்ணீர் ஒன்றரை லிட்டர். சாற்றைக் கெட்டியாக்க மூன்று மேசைக்கரண்டி பச்சரிசி. விரல் கணு அளவு இஞ்சி. ஒரு தேக்கரண்டி எண்ணெய். மணம் குறைந்த எண்ணெயாக இருக்கட்டும். மேலே அவிக்கும் சோற்றுக்கு 300 கிராம் பச்சரிசி.

சாற்றுக்குப் புழுங்கலரிசி வேண்டாம். அது கரையாமல் பருக்கை பருக்கையாக நிற்கும். சாறு தனியாகவும் சோறு தனியாகவும் பிரிந்துவிடும்.

மிளகு, பட்டை, சோயா சாஸ், வினிகர் எதையும் எடுத்து வைக்காதீர்கள். கையெட்டும் தூரத்தில் இருந்தால் போடத் தோன்றும். காய்ச்சாற்றைப் பற்றி அவர் பாடிய இன்னொரு பாடலில், வினிகரும் சாஸும் தரும் அழுத்தமான சுவையையும் மிளகு, பட்டையின் காரமணத்தையும் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்.

4. வெறும் தண்ணீரில் ஒத்திகை

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள்தான் அதிகம். அடுப்பைப் பற்றவைக்காமல், பானையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, முக்காலியை வைத்து, கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். காய் போட்டதும் மட்டம் உயரும் என்பதால், இப்போதே கிண்ண விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி தெரிய வேண்டும். கிண்ணத்தின் முதுகுக்கும் துளைத்தட்டுக்கும் நடுவிலும் இரண்டு விரலாவது இருக்கட்டும்.

இடைவெளி போதவில்லை என்றால் இப்போதே தண்ணீரையும் காயையும் குறையுங்கள். கொதிக்கும் பானைக்குள் கைவிட்டு முக்காலியைச் சரிசெய்ய முயன்று ஒரு நண்பர் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஒத்திகை பார்க்காமல் யாரையும் நான் அடுப்பைப் பற்றவைக்க விடுவதில்லை.

ஒத்திகை முடிந்ததும் தண்ணீரைக் கொட்டி, பானையை நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். உலர்ந்த விளிம்பு ஏன் தேவை என்பது ஏழாம் படியில் தெரியும்.

5. மேல் சோற்றுக்கு அரிசி தயார் செய்தல்

சோற்றை வழக்கம்போல் ஆவியில் வேகவைக்க வேண்டும் என்று மட்டும் குறிப்பு சொல்கிறது. ஆவியில் சோறு வேகவைத்துப் பழகாதவர்களுக்கு இது போதாது. உலர்ந்த அரிசியை அப்படியே தட்டில் போட்டால் மணிக்கணக்கில் ஆனாலும் வேகாது. ஆவி தரும் ஈரம் மட்டும் அதற்குப் போதாது.

அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, வேறு பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஒரு பருக்கையை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தால் அதுதான் பதம். உடனே வடித்து, துணி விரித்த தட்டில் பரப்புங்கள். அமுக்க வேண்டாம். விரலால் நான்கைந்து இடத்தில் குழி செய்துவிட்டால் ஆவி ஏற வழி கிடைக்கும்.

வடித்த கஞ்சியைச் சாற்றுக்குப் பயன்படுத்தத் தோன்றும். வேண்டாம். கஞ்சி கலந்த தண்ணீர் நுரைத்துப் பொங்கும். எண்ணெயாலும் கிண்ணத்தாலும் அதைத் தடுத்து நிறுத்துவது கடினம்.

6. காயைப் பிசைந்து கழுவுதல்

சாறு இனிப்பதும் கசப்பதும் இங்கேதான் முடிவாகிறது. காரமும் கசப்புமான சாறு போகும்வரை பலமுறை பிசைந்து கழுவ வேண்டும் என்பது தோங்போவின் கட்டளை.

முட்டைக்கோஸை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்குங்கள். முள்ளங்கியையும் டர்னிப்பையும் மெல்லிய வில்லைகளாகச் சீவுங்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, இரு கைகளாலும் அழுத்திப் பிசையுங்கள். இலை சற்று நிறம் கருத்து, தண்டு வளையத் தொடங்கும். பிழிந்து, தண்ணீரைக் கொட்டுங்கள். மறுபடியும் புதிய தண்ணீர்.

முதல் தண்ணீரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். கடுகை அரைக்கும்போது வருகிற நெடி அடிக்கும். நான்காவது தண்ணீரில் அது அநேகமாக இருக்காது. பச்சைப் புல் வாசனை மட்டும் மிஞ்சும். அங்கே நிறுத்தலாம்.

காரணம் எளிது. அவர் சொன்ன நான்கும் கடுகுக் குடும்பத்துச் செடிகள். இவற்றின் திசு நசுங்கும்போது உள்ளே தனித்தனியாக இருந்த பொருள்கள் கலந்து அந்தக் கார நெடி உண்டாகிறது. பிசைவதால் அதை அடுப்புக்குப் போகும் முன்பே வெளியே கொண்டுவந்து தண்ணீரோடு அனுப்பிவிடுகிறோம். வெறுமனே அலசினால் நெடி உள்ளேயே இருந்து, பிறகு பானையில் வெளிப்பட்டு, மேலே இருக்கும் சோற்றில் போய் ஏறும்.

முள்ளங்கிக்கு உப்புப் போட்டுப் பிசைந்து பழகியவர்கள் இங்கும் அதையே செய்கிறார்கள். உப்பு நீரை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் நாம் காப்பாற்ற நினைக்கும் இனிப்பும் அந்த நீரோடு போய்விடும்; எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் உப்பும் தங்கிவிடும். கை பலத்தில் பிசைந்தாலே போதும்.

7. தண்ணீர் ஊற்றும் முன் எண்ணெய்

உலர்ந்த பானையின் உள்விளிம்பில், மேலிருந்து நான்கு விரல் அகலத்துக்கு, விரலால் எண்ணெயை வளையமாகத் தடவுங்கள். அதேபோல் கிண்ணத்தின் உட்புறத்திலும் விளிம்பிலும் மெல்லிய பூச்சு. சொட்டக் கூடாது.

பொங்கி எழும் சாறு எண்ணெயைத் தொட்டதும் தணிகிறது என்று அவர் பார்த்து எழுதியிருக்கிறார். அரிசிக் கஞ்சியால் உண்டாகும் நுரைக்குமிழிகளின் மெல்லிய தோலை எண்ணெய் உடைத்துவிடுகிறது. குமிழி அடுக்காக ஏற முடிவதில்லை.

தண்ணீர் கொதித்த பிறகு எண்ணெய் தடவினால் பயனில்லை. ஆவி பட்டு ஈரமான விளிம்பில் எண்ணெய் ஒட்டாது, வழிந்து சாற்றில் விழும். பிறகு சாறு முழுவதும் எண்ணெய் மிதக்கும்.

8. கொதிநீரில் காய்

இப்போது தண்ணீரை மெதுவாக, விளிம்பில் படாமல் ஊற்றி, முக்காலியையும் வைத்து, அடுப்பைப் பெரிதாக வையுங்கள்.

அந்த இன்னொரு பாடலில் தோங்போ கொதிக்கும் நீரின் ஓசையைப் பைன் மரங்களில் காற்று வீசுவதோடு ஒப்பிடுகிறார். அடுக்களையில் நின்று காதால் கேட்டவர் எழுதிய வரி அது. முதலில் பானையடியில் சடசடவென்ற சத்தம் வரும். அது அடங்கி, இடைவிடாத ஓர் இரைச்சலாக மாறும்போது நீர் தயார். பிழிந்து வைத்த காயை முக்காலியைச் சுற்றி ஒரே தடவையில் போடுங்கள்.

குளிர்ந்த நீரில் காயைப் போட்டு ஒன்றாகச் சூடேற்றக் கூடாது. மெல்ல ஏறும் சூட்டில் மிச்சமிருக்கும் நெடி சாற்றிலேயே ஊறித் தங்கும். கொதிநீரில் விழுந்தால் அது ஆவியோடு வெளியேறும். ஐந்து நிமிடம் திறந்தபடி கொதிக்கட்டும்.

9. அரிசி, இஞ்சி, பிறகு கிண்ணம்

கழுவிய பச்சரிசியையும் சீவிய இஞ்சியையும் போட்டு, ஒருமுறை அடிவரை கலக்குங்கள். இதுதான் கடைசிக் கலக்கல். உடனே கிண்ணத்தை முக்காலிமேல் கவிழ்த்துவிடுங்கள்.

கிண்ணத்தைத் தொடவிடக் கூடாது, தொட்டால் பச்சை எண்ணெய் வாடை ஏறி வேகும்வரை போகாது என்கிறது குறிப்பு. சாற்றின் மட்டம் கிண்ணத்தில் படும்படி வைக்கக் கூடாது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கரண்டியை விட்டுக் கிளறி எண்ணெயைச் சாற்றில் இறக்கக் கூடாது என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். மூடிய மண்கிண்ணம் கிளறும் தொல்லையை நீக்குகிறது என்று அவரே வேறிடத்தில் பாடுகிறார். இரண்டையும் கடைப்பிடிப்பதே நல்லது.

அடிப்பிடிக்குமே என்று பயப்படாதீர்கள். மூன்று கரண்டி அரிசிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் தாராளம். கொதியே அதைப் புரட்டிக்கொண்டிருக்கும்.

10. துளைத்தட்டு வந்துவிட்டது; மூடி வரக் கூடாது

தட்டை வைத்தவுடன் கை தானாக மூடியைத் தேடும். நானும் முதல் தடவை அப்படித்தான் மூடினேன். சோறு பதமாக வெந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு கவளத்திலும் பச்சை முள்ளங்கி வாடை. சாறு நன்றாக இருந்தும் யாரும் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. பிறகு குறிப்பைத் திரும்பப் படித்தேன்: உடனே மூடாதே, பச்சைக் காயின் ஆவி முழுவதும் வெளியேறிய பிறகே மூடு என்று தெளிவாக இருக்கிறது.

எவ்வளவு நேரம் என்று அவர் சொல்லவில்லை. என் அடுப்பில் எட்டு முதல் பத்து நிமிடம் ஆகிறது. கடிகாரத்தைவிட மூக்கை நம்புங்கள். ஆவிக்கு ஒரு முழம் தள்ளி முகத்தை வைத்து முகருங்கள். ஆவி சுடும், கிட்டே போகாதீர்கள். முதலில் வேகும் முட்டைக்கோஸின் கந்தக வாடை வரும். பிறகு அது மெலிந்து, இஞ்சி மணம் தனியாகத் தெரியத் தொடங்கும். அதன்பிறகு வேகும் சோற்றின் மணம் தலைகாட்டும். அப்போது மூடுங்கள்.

மூடியின் உட்புறத்தைத் துணியால் சுற்றிக் கட்டினால், ஆவி நீராகிச் சோற்றில் சொட்டாது.

11. மூடிய பிறகு: தீயும் ஓசையும்

இன்னும் 20 முதல் 25 நிமிடம். தீ நடுத்தரத்துக்குச் சற்று மேலே, ஒரே சீராக.

பொங்கிவிடுமோ என்று பயந்து தீயைச் சிறிதாக்குவதுதான் இந்தக் கட்டத்துத் தவறு. சாறு மெல்ல முனகிக்கொண்டிருந்தால் சாற்றுக்கு நல்லதுதான். ஆனால் மேலே சோற்றுக்கு ஆவி போதாது. எண்ணெயும் கிண்ணமும் இருப்பதே நீங்கள் துணிந்து கொதிக்கவிடுவதற்காக.

உள்ளே நடப்பதைக் காதால் அறியலாம். சாறு எழும்பிக் கிண்ணத்தில் மோதித் திரும்பும்போது மட்டமான ஒரு தொப்பென்ற சத்தம், பிறகு அமைதி, மறுபடி சத்தம். இந்தத் தாளம் இருக்கும்வரை எல்லாம் சரி. தாளம் நின்று தட்டின் ஓரத்தில் நுரை கசிந்தால் சாறு தட்டைத் தொட்டுவிட்டது. உடனே தீயை அணைத்து, தட்டைத் தூக்கி, துணியில் ஒட்டிய கஞ்சியை அலசிவிட்டு, சாற்றில் ஒரு குவளை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். சோறு பிழைத்துக்கொள்ளும்.

12. இறக்குதல்

சோறு வெந்தால் சாறும் குழைந்திருக்கும் என்று குறிப்பு சொல்கிறது. ஆகவே சாற்றைத் திறந்து சோதிக்க வேண்டியதில்லை. ஒரு பருக்கையை எடுத்து நசுக்குங்கள். வெள்ளைப் புள்ளி மறைந்திருந்தால் இரண்டும் முடிந்தன.

தட்டை இறக்கிச் சோற்றை மூடி வையுங்கள். கிண்ணத்தை இடுக்கியால் பிடித்து, நேராகத் தூக்கி, பானைக்கு வெளியே கொண்டுபோன பிறகு நிமிர்த்துங்கள். பானைக்கு மேலேயே நிமிர்த்தினால், இவ்வளவு நேரம் காப்பாற்றிய சாற்றில் எண்ணெய் சொட்டும். முக்காலியை எடுத்துவிட்டு இப்போது கலக்கலாம். முள்ளங்கி வில்லை கரண்டியின் முதுகுபட்டாலே உடைய வேண்டும்.

முதல் கரண்டியை உப்பில்லாமல் குடியுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நாக்கு முதலில் ஒன்றுமில்லை என்று சொல்லும். இரண்டாவது வாயில் அடித்தொண்டையில் கோஸின் இனிப்பு வரும். அதன்பிறகு உப்பு வேண்டுமென்றால், அவரவர் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை. பானையில் போட வேண்டாம்.

13. இலைக்காய் கிடைக்காத நாளில்

இதற்கும் அவர் வழி சொல்லியிருக்கிறார். பூசணி, சுரை போன்ற கொடிக்காயையோ கத்தரிக்காயையோ வெட்டிப் போடலாம். பிசைந்து கழுவ வேண்டாம் என்று தனியாகக் குறித்திருக்கிறார். இவை கடுகுக் குடும்பத்தவை அல்ல. வெளியேற்ற வேண்டிய நெடி இல்லை, பிசைந்தால் சதை கூழாகிவிடும். கத்தரிக்காயை நீர் கொதித்த பிறகு நறுக்குங்கள். முன்பே நறுக்கினால் கருத்துவிடும்.

சாற்றைக் கெட்டியாக்க இங்கே பாதி அரிசி, பாதி வேகவைத்த செம்பயறு. சீனச் செம்பயறு கிடைக்காவிட்டால் சிவப்புக் காராமணி போடலாம். பயறு முன்பே முழுதாக வெந்திருக்க வேண்டும். மேலே சோறு வேகும் அரை மணியில், வேகவைக்காமல் போட்ட பயறு குழையாது. முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பயறு வெந்த தண்ணீரும் கஞ்சியைப் போலவே நுரைக்கும்.

மற்றபடி எண்ணெய், கிண்ணம், மூடாமல் காத்திருப்பது எல்லாம் அதே வரிசைதான். காத்திருக்கும் நேரம் மட்டும் குறைகிறது. சுரைக்காய்க்கு எனக்கு நான்கு நிமிடம் போதுமாக இருந்தது.